மதுரை மழைக்கு எத்தனை கிலோமீட்டர் கட்டம்? மாடல் தரவு பயன்பாட்டு அனுபவம்

மதுரை, தேனி வட்டார மழைக்காகக் காலநிலை மாடல் தரவை இறக்கினால், முதலில் திறக்க வேண்டியது நில உயரக் கோப்பைத்தான். மழைக் கோப்பை அப்புறம் பார்க்கலாம்.

காரணம் இருக்கிறது. மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 75 கி.மீ. சொச்சம்தான். உலக நாடுகளின் காலநிலை மாடல்களை ஒப்பிடும் சிஎம்ஐபி 6 திட்டத்தின் மாடல்களில் பலவற்றின் கட்டம் (மாடல் பூமியைப் பிரித்துக்கொள்ளும் சதுரம்) 100 கி.மீ. அளவு. 100 மீட்டர் உயரத்து ஊரும் 2,100 மீட்டர் உயரத்து ஊரும் ஒரே கட்டத்தில் விழுந்து சராசரியானால், மேற்குத் தொடர்ச்சி மலை வெறும் மேடாகிவிடும். தேக்கடிப் பக்கம் கொட்ட வேண்டிய தென்மேற்குப் பருவமழை அங்கே குறைந்து, கம்பம், உசிலம்பட்டி வரை தூறலாகச் சிந்திக்கொண்டே வரும். மலை மறைப்பதால் மழை குறையும் மழை மறைவுப் பகுதி என்பதே காணாமல் போகும். வைகை அணை நீர்வரத்துக் கணக்கு போடுகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்: பெரியாற்று நீர்ப்பிடிப்பில் குறைவு, வருசநாட்டுப் பக்கம் மிகுதி என்று இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தத் தொகை சரியாகத் தெரியலாம். அதை நம்பினால் போச்சு.

25 கி.மீ.க்கு வந்தால் மலை தெரியும். கம்பம் பள்ளத்தாக்கு தெரியாது. கட்ட அளவைப் போல ஆறேழு மடங்கு அகலமுள்ள அமைப்பைத்தான் மாடல் ஒழுங்காகப் பிடிக்கும். சிறுமலை, அழகர்மலை எல்லாம் அதில் கணக்கிலேயே இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்கால இடிமழை வேறு விஷயம். கட்டம் பெரிதாக இருந்தால் வெப்பச்சலனத்தை, அதாவது சூடான காற்று மேலெழுந்து இடிமேகமாவதை, மாடல் நேரடியாகக் கணக்கிடாது. தோராயச் சூத்திரம் போடும். தரை சூடானதுமே அந்தச் சூத்திரம் மழையை இறக்கிவிடுவதால், மாலையிலோ இரவிலோ வர வேண்டிய மழை உச்சிப்பொழுதிலேயே வந்துவிடுகிறது. 50 கி.மீ. கட்டத்தை 25 ஆக்கினாலும் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தீராது. 4 கி.மீ.க்குக் கீழே போய், சூத்திரத்தை அணைத்த பிறகுதான் நேரம் ஓரளவு சரியாகும்.

டபிள்யூஆர்எஃப் என்ற வட்டார வானிலை மாடலை ஓட்டுகிறவர்களுக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக 27, 9, 3 கி.மீ. கட்டம் கொண்ட மூன்றடுக்கு இங்கே ஒத்துவரும். மூன்றாவது அடுக்கில் மட்டும் வெப்பச்சலனச் சூத்திரத்துக்குச் சுழியம் கொடுங்கள். 9 கி.மீ. ரெண்டுங்கெட்டான்; அங்கே கட்ட அளவுக்கேற்ப மாறும் கிரெல்-ஃப்ரைட்டாஸ் சூத்திரம் நல்லது. காலப்படி (மாடல் ஒரு தாவலில் கடக்கும் நேரம்), கட்டத்தின் கி.மீ. அளவைப் போல ஆறு மடங்கு வினாடிக்கு மேல் போகக் கூடாது: 27-க்கு 162, 3-க்கு 18. பழனி மலைச் சரிவில் செங்குத்துக் காற்று வேகம் எகிறி ஓட்டம் பாதியில் நின்றால் 12 வினாடிக்கு இறக்குங்கள். உள் அடுக்கின் மேற்கு எல்லை மலை மேல் விழவே கூடாது, கடலுக்குள் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் எல்லையோரம் பொய்மழை கோடு கட்டி நிற்கும். மாடல் நிலைபெற நேரம் பிடிக்கும் என்பதால் முதல் 12 மணி நேர வெளியீட்டைக் கழித்துவிட வேண்டும். அதே பரப்புக்குக் கட்டத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை எட்டு மடங்காகும் என்பதையும் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

கடல் தரும் பிழையைக் கட்ட அளவு தீர்க்காது. கடலையும் சேர்த்து ஓட்டும் பல மாடல்களில் அரபிக்கடல் நிஜத்தைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. ஈரம் குறைந்து இந்திய நிலப்பரப்பில் மழையும் குறைகிறது. கட்ட அளவைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவத்தில் பெரிய காற்றழுத்தத் தாழ்வு கொண்டுவரும் மழைக்கு 25 கி.மீ.யே பெரும்பாலும் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு, மாடல் மழையை நிஜ மழைப் பதிவோடு வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். இந்திய வானிலைத் துறையின் கால் பாகைக் கட்ட (25 கி.மீ. சொச்சம்) மழைத் தரவில், ஒரு தேதியின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்து மழை. ஆகஸ்ட் 10 சாயங்காலம் 6 மணிக்கு மதுரையில் பெய்தது அங்கே 11-ஆம் தேதியில் இருக்கும். சர்வதேச நேரப்படி நாள் பிரிக்கும் மாடலில் 10-இலேயே இருக்கும். இதைக் கவனிக்காமல் நல்ல மாடலையும் மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஈஆர்ஏ 5 (பழைய வானிலையை மாடலும் பதிவுகளும் சேர்த்து மீட்டெடுத்த ஐரோப்பியத் தரவு) என்றால் மணிவாரித் தரவை எடுத்து, சர்வதேச நேரம் 04 முதல் மறுநாள் 03 (நம் காலை 8.30) வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்டி, மீட்டரில் இருப்பதை 1,000-ஆல் பெருக்குங்கள். சிஎம்ஐபி மழை ஒரு வினாடிக்கானது. 86,400-ஆல் பெருக்கினால்தான் நாளொன்றுக்கு மி.மீ. ஆகும். கட்டம் மாற்றும்போது நுண்கட்டத்தைப் பெருங்கட்டத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும், அதுவும் மொத்த மழை மாறாத முறையில். காலநிலைத் தரவைக் கையாளும் சிடிஓ மென்பொருளில் ரீமேப்கான் என்ற கட்டளை அதற்குத்தான் இருக்கிறது.