அட்டை அடுப்படியும் ஒட்டாத மஞ்சள் பார்டரும்

பக்கத்து புளோக்கில் இருக்கும் தோழி கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டுல பிள்ளை விளையாடுற அந்த அட்டைக் கிச்சன் இப்ப விலை குறைஞ்சிருக்கு. அலங்காரப் பாக்கெட்டோட சேர்த்து வாங்கலாமா?" போன தீபாவளிக்கு முன்னால் வாங்கியது. பதிலை வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்தேன், அது அங்கே அடங்கவில்லை.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். அட்டை என்றதும் எல்லாரும் "தாங்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். தாங்கும். பக்கச் சுவர்களுக்குள் நெளிநெளியாக ஓடும் தாள் மேலிருந்து கீழாக வரும்படி வெட்டியிருக்கிறார்கள். எடையை அதுதான் தூண் மாதிரி வாங்கிக்கொள்கிறது. என் நான்கு வயது மகள் அடுப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்து தே தாரிக் டீ ஆற்றி விளையாடியிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. வீடு துடைக்கும்போது ஒரு கையால் நகர்த்திவிடலாம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலுக்கு அது பெரிய விஷயம்.

பெயிண்டிலும் குறை சொல்ல எதுவுமில்லை, அதை நானே வாங்கியதால். அக்ரிலிக்தான் அடித்தேன். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் ஈரக் கை பட்டால் கரைந்து வரும். எதை அடித்தாலும் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், மெலிதாக. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால், காயும்போது அந்தப் பக்கம் சுருங்கிப் பலகை வளைந்துவிடும். "உள்பக்கத்தை யார் பார்க்கப் போறாங்க?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். இன்றுவரை கதவு நேராக நிற்கிறது, அவர்தான் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காய வைக்கத்தான் திண்டாட்டம். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. அதனால் ஹாலில் செய்தித்தாள் விரித்து, மின்விசிறிக்கு அடியில், எல்லாரும் தாண்டித் தாண்டி நடந்தோம். அடுப்புக் கதவு மடங்கும் கோட்டில் மட்டும் பெயிண்ட் வேண்டாம், வெடிக்கும். துணி டேப் போதும்.

இனி அந்த பார்டருக்கு வருகிறேன்.

அலங்காரப் பாக்கெட்டில் ஒரு சுருள் வரும். பளபளவென்று மஞ்சள் பிளாஸ்டிக், பின்னால் பசை. அட்டையின் வெட்டு ஓரத்தை மறைக்க அதை ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டிய அன்று கடைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் முனைகள் எழும்ப ஆரம்பித்தன. அழுத்தினால் உட்காரும், மறுநாள் மறுபடி எழும்பும். எழும்பிய இடத்தைத் திருப்பிப் பாருங்கள்: பசையில் தலைமுடி, பிஸ்கட் தூள், கலர் பென்சில் சீவல், எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு. சரி, பிடுங்கிவிடலாம் என்று இழுத்தால் பெயிண்டோடு அட்டையின் மேல்தாளும் உரிந்து வந்துவிடுகிறது.

காரணம் புரியாமல் இல்லை. இரவு ஏர்கான் ஓடும்போது அறை காய்கிறது, பகலில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் திரும்ப வருகிறது. அட்டை அதற்கேற்ப ஊதும், சுருங்கும். பிளாஸ்டிக் அதோடு சேர்ந்து அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட பசை கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்" என்று பதில் வந்தது. ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவர்களே வந்து காட்டட்டும்.

இதற்கு மாற்று தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கிடைத்தது. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பருத்தி ஜரிகைக் கரை, ரவிக்கைக்கு வைப்பார்களே, அதுதான். மைதா காய்ச்சி ஒட்டச் சொன்னார் மாமியார். மாவுப் பசை இருந்தால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும் என்பதால், "சரி அத்தை" என்று தலையாட்டிவிட்டு வெள்ளைப் பசையைத்தான் மெலிதாகத் தடவினேன். துணி காயப்போடும் கிளிப்பை வரிசையாக மாட்டி ஓர் இரவு விட்டேன். டிசம்பர், ஜனவரி மழை முழுக்கப் போய்விட்டது, ஒரு நூல் எழும்பவில்லை. பரிசுப் பொருள் சுற்றும் தாளைக் கதவில் ஒட்டியதும் அப்படியே இருக்கிறது. தாளும் துணியும் அட்டையோடு ஒத்துப்போகின்றன.

அப்படியானால் மஞ்சள் பார்டரை எடுத்துவிட வேண்டியதுதானே? சிங்க் பக்கம் மட்டும் எடுக்க முடியவில்லை. அது என் மகளுக்கு எம்ஆர்டி ரயில் மேடை. "மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க" என்று கரண்டியை மைக்காகப் பிடித்து எல்லாரையும் நிறுத்திவிட்டுத்தான் கடை திறக்கிறாள். முனை எழும்பினால் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். விற்றவன் கொடுத்ததிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது எனக்குப் பார்த்தாலே எரிச்சல் வரும் அந்தச் சனியன்தான்.

அட்டை உறுதி, விலையும் இறங்கியிருக்கிறது, பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் என்னைக் கேட்டால் வாங்காதே என்பேன். இன்று காலையும் அந்த பார்டர் என் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது, அந்தக் கோபத்தில்தான் சொல்கிறேன், இருக்கட்டும். மின்சாரச் சாமான் கடையில் ஃபிரிட்ஜ் வந்த பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வை. சனிக்கிழமை தேக்காவுக்கு நானும் வருகிறேன், கரை எடுக்க.