வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு சக்காய் சேர்வர்: டிஜிட்டல் ஓஷன் எப்படி?

கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற ஒரு கல்வி நிலையத்துக்காக சக்காய் (இணையத்தில் பாடமும் பரீட்சையும் நடத்த உதவும் மென்பொருள்) சேர்வரை டிஜிட்டல் ஓஷனில் ஏற்றி நடத்துகிறேன். இணையம் வழியாகக் கணினியை மாத வாடகைக்குத் தருகிற நிறுவனம் அது. நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மலிவாக இருக்கிறதே என்று 1 ஜிபி மெஷினை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சக்காய் முழுக்க ஜாவா மொழியில் எழுதினது. அதை ஓட்டுகிற டொம்கட்டும், தரவுகளை வைத்திருக்கிற மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் என்றால் 4 ஜிபி ராமாவது வேண்டும், அதில் 2 ஜிபியை ஜாவாவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை டேட்டாபேஸுக்கு விடுங்கள். மெமரி தீர்ந்தால் மெஷினின் இயங்குதளமான லினக்ஸ் பெரும்பாலும் ஜாவாவைத்தான் நிறுத்தும். டொம்கட் லொக்கில் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவில்) ஒரு பிழையும் இருக்காது, லினக்ஸின் கேர்னல் லொக்கில்தான் காரணம் கிடக்கும்.

4 ஜிபி, 2 கோர், 80 ஜிபி டிஸ்க் உள்ள மெஷின் மாதம் 24 டொலர். டொலர் 300 ரூபாய் என்று பார்த்தாலே 7200 ரூபாய், 2022இல் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியதை யாரும் மறக்கவில்லை, அதனால் நிர்வாகத்திடம் கொஞ்சம் கூட்டியே சொல்லி வையுங்கள். அப்படியிருந்தும் இதையே எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் நிலையத்துக் கணினியில் வைத்தால் கரண்ட் போகிற நேரமெல்லாம் பாடமும் போய்விடும். பரீட்சைக் காலத்தில் 48 டொலர் 8 ஜிபிக்கு ஏற்றி, முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம். சீபியூ, ராம் மட்டும் என்பதைத் தெரிவுசெய்யுங்கள், டிஸ்க்கையும் கூட்டினால் திரும்ப இறக்க முடியாது. இன்னொன்று, மெஷினை ஓஃப் பண்ணி வைத்தாலும் காசு ஓடும், அழித்தால்தான் நிற்கும்.

இடம் கேட்கும்போது பெங்களூரைக் கொடுங்கள், பிள்ளைகள் போன் டேட்டாவில்தான் வருகிறார்கள், தூரத்துச் சேர்வர் என்றால் ஒவ்வொரு பக்கமும் இழுக்கும்.

அப்புறம், எங்கள் ஆட்களுக்கு முக்கியமான இரண்டு விசயம். சேர்வரின் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம், எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால்) இருக்கும். அப்படியே விட்டால் ஆசிரியர் காலை 8 மணிக்கு என்று போட்ட வினாத்தாள் பிற்பகல் 1.30க்குத்தான் திறக்கும், திரையிலோ 8 மணி என்றே காட்டும், பிள்ளை பாவம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஜாவாவின் நேர வலயத்தைக் கொழும்பு என்று தொடக்கத்திலேயே கொடுங்கள். மற்றது தமிழ். டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4 என்ற, தமிழையும் ஏற்கிற எழுத்து அமைப்பில் உருவாக்குங்கள், பழைய லத்தீன் அமைப்பில் விட்டால் தமிழில் எழுதின விடையெல்லாம் வெறும் கேள்விக்குறியாகப் போய்ச் சேரும், அதைப் பிறகு மீட்கவே முடியாது.

டொம்கட் விழுந்தால் டிஜிட்டல் ஓஷன்காரர் வந்து எழுப்ப மாட்டார்கள், வெறும் மெஷின்தான் தருவார்கள். லினக்ஸ் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற எங்கள் பிள்ளைகள் இதை வடிவாகச் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள். வாராந்த பேக்கப்புக்கு மெஷின் விலையில் 20 சதவீதம், அதாவது 4.80 டொலர், கூடக் கேட்பார்கள். அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், உள்ளே இருப்பது பிள்ளைகளின் புள்ளிகள்.