கோல்ட் ரீஃப் சிட்டி: முதலில் சுரங்கம், அப்புறம் ராட்டினம்

தென்னாப்பிரிக்காவின் கோல்ட் ரீஃப் சிட்டி கேளிக்கைப் பூங்காவுக்கு லெனேசியாவிலிருந்தும் டர்பனிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாசலைத் தாண்டியதும் ராட்டினத்துக்கு ஓடுகின்றன. இந்தப் பூங்காவில் அது தலைகீழ் வரிசை. ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே, கிரௌன் மைன்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் குழியின் மேல் 1987இல் திறந்த இடம் இது. சுரங்கச் சுற்றுக்குக் குழுவாகத்தான் இறக்குவார்கள். மதியத்துக்குள் இடம் நிரம்பிவிடலாம். ஆகவே சீட்டு வாங்கும்போதே, சுற்றுக்குத் தனிக்கட்டணமா, எத்தனை மணிக்கு இறங்குவது என்று கேட்டு இடம் பிடித்துவிடுங்கள்.

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்தில் நமக்குக் காட்டுவது சுமார் 75 மீட்டர் ஆழம்தான். அதுவே போதும். தலைக்கவசமும் விளக்கும் தருவார்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். தங்கம் பாறையில் கட்டியாக மின்னும் என்று எதிர்பார்க்கிற பிள்ளைகள் ஏமாறுவார்கள். வெள்ளைக் கூழாங்கற்கள் பதிந்த சாம்பல் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாக அது கிடக்கிறது. டன் கணக்கில் உடைத்தால்தான் சில கிராம் தேறும். மேலே வந்து தங்கம் உருக்கி வார்ப்பதையும் பார்த்தால் கணக்கு புரியும். தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

ராட்டினங்களில் என் ஓட்டு கோல்டன் லூப்புக்கு. ஜெர்மானியர் அன்டன் ஷ்வார்ஸ்கோஃப் வடிவமைத்தது. 1977இல் அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் ஓடத் தொடங்கி, பிறகு இங்கே வந்தது. சங்கிலி இழுத்து மேலே ஏற்றும் வேலையே இல்லை. நின்ற இடத்திலிருந்து வண்டியை உந்திவிடுகிறார்கள். ஒரு வளையம் சுற்றி, செங்குத்தான முனையில் ஏறி நின்று, அதே வழியில் பின்னோக்கித் திரும்புகிறது. பழைய இயந்திரம், சில நாள் ஓடாது, வாசலிலேயே விசாரியுங்கள். டவர் ஆஃப் டெரர் 2001இல் வந்தது. நேரே சுரங்கக் குழிக்குள் விழுகிறது. கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

கோடையில் பிற்பகல் இடிமழை இங்கே வாடிக்கை. மின்னல் தெரிந்தால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், ஆகவே சுரங்கம் முடிந்ததும் அவற்றையே முதலில் பிடியுங்கள். நகரம் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மேகம் போட்டாலும் வெயில் சுடும்.

பழைய சுரங்க நகரம்போல் கட்டிய தெரு அழகுதான், ஆனால் ஜோடனை. அந்தக் காலத்துத் தமிழர் வாழ்வை அங்கே தேடாதீர்கள். பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை இருக்கிறது, இந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே அப்பார்தைட் (நிறவெறி ஆட்சி) அருங்காட்சியகமும் உண்டு. இரண்டையும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சுமார். புரட்டாசி விரதக்காரர்கள் சிப்ஸை நம்ப வேண்டாம், கறி பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.