ஜீரோ கேட் வரிசைக்கு எந்த லெவல் உதவும்?

ராத்திரி எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போனால், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். அதில் என் மாமாவின் வண்டியும் இருக்கும். முன்வண்டி நாலடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வண்டி மூக்கை நுழைத்துவிடும். ஸ்டீயரிங் மேல் துண்டை மடித்து வைத்து நெற்றியைச் சாய்ப்பார். உடனே பின்னாலிருந்து ஹாரன்.

தானோட்டி வண்டிகளை, வண்டி தானே எவ்வளவு ஓட்டும் என்பதை வைத்து 0 முதல் 5 வரை ஆறு லெவல்களாகப் பிரித்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றிடமும் கேட்பது ஒன்றுதான்: மாமா தூங்கலாமா?

லெவல் 2 நம் ஊருக்கே வந்துவிட்டது. 2021-இல் வந்த மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700 காரில் இருக்கிறது. முன்வண்டியோடு இடைவெளி விடும், சாலையில் போட்ட கோடுகளைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பும். ஆனால் கண் சாலையிலேயே இருக்க வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அது விடும் இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்துவிடும், கோடு பல இடங்களில் அழிந்தே போயிருக்கும். கால் வலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அவசரத்துக்குத் தானாகப் பிடிக்கும் பிரேக் வேறு விஷயம். லெவல் கணக்கில் அதற்குப் பூஜ்யம்தான். ஆனாலும் டிரெய்லருக்கு முன்னால் பைக்குகள் பாயும் இந்தச் சாலையில் முதலில் வர வேண்டியது அதுதான் என்பேன்.

லெவல் 3-ஐ நான் வேண்டாம் என்கிறேன். ஜப்பானில் 2021-இல் ஹோண்டா லெஜண்ட் காரில் நெரிசலுக்கென்றே வந்தது. வெளிவந்தவை நூறு கார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் மெர்சிடிஸ், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை. கண்ணை எடுக்கலாம், படம் பார்க்கலாம், தூங்கக் கூடாது. வண்டி கூப்பிட்டால் சில நொடிகளில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் தூக்கம் கெட்டவரைச் சும்மா உட்காரவைத்தால் கண் சொக்காமல் இருக்குமா? அப்புறம் திடீரென்று கூப்பிட்டால் என்ன செய்வார்?

லெவல் 4-இல்தான் தூங்கலாம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் வேமோ நிறுவனம் 2020-இலேயே டிரைவர் சீட் காலியான கார்களைப் பொதுமக்களுக்கு விட்டது. குறித்த எல்லைக்குள் மட்டும்தான் ஓடும். அதைக் குறையாகச் சொல்வார்கள். மாமாவுக்கு அது குறையே இல்லை. தினமும் அதே சாலை, அதே கேட். ராட்டர்டாம் துறைமுகத்தில் 1993 முதலே ஆளில்லா வண்டிகள் கண்டெய்னர் சுமக்கின்றன. ஆனால் அது வேலிக்குள். இங்கே விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டிகள் குறுக்கே வரும். அதனால் வரிசைக்கென்று தனிப் பாதை ஒதுக்கினால்தான் இது நடக்கும்.

எங்கும் போகும் லெவல் 5 இன்னும் எங்கேயும் வரவில்லை. இந்த வரிசைக்கு அது தேவையும் இல்லை.

வரிசையில் மட்டும் லெவல் 4, கேட் வந்ததும் எழுப்பிவிட்டால் பேப்பரைக் காட்ட மாமா. இதுதான் என் தேர்வு. அவரிடம் சொன்னபோது, "அதுவா ஓட்டிக்கினா பேட்டா யாருக்குடா வரும்?" என்றார். உள்ளே தூங்கினாலும் அந்த மணிநேரங்களுக்கு அவருக்குக் கூலி வர வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.