சோற்றைக் குறைப்பதா, சைக்கிளை எடுப்பதா?

போன வருடம் சோற்றைக் குறைத்தேன். இந்த வருடம் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். இரண்டையும் செய்து பார்த்த பிறகு என் வாக்கு சைக்கிளுக்குத்தான்.

எடை இறங்குவது மட்டும்தான் கணக்கு என்றால் சாப்பாட்டைக் குறைப்பதே வெல்லும், அதில் பேச்சில்லை. இரவுப் புட்டைப் பாதியாக்கி, தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தி, நாலு மாதத்தில் ஆறு கிலோ போனது. முழங்காலுக்கும் நல்லது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் ஏறும் பாரம் நாலு கிலோ அளவு குறையும். ஆனால் உசார் வரவில்லை. பின்னேரம் நாலு மணிக்கே சோர்வு, வீட்டில் எரிச்சல், கண்டவர்கள் எல்லாம் "என்ன வருத்தமோ?" என்று கேட்டார்கள். அசையாமல் மெலிந்தால் கொழுப்போடு தசையும் கரையும் என்பது பிறகுதான் விளங்கியது.

சைக்கிளில் ஐந்து மாதத்துக்கு ஒன்றரைக் கிலோதான். ஆனால் படுத்தவுடன் நித்திரை வருகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, மனதும் லேசு.

சரி, உண்மையான வித்தியாசம் எது விட்டுப்போகாமல் நிற்கும் என்பதில்தான். சோற்றோடு ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் மல்லுக்கட்ட வேண்டும், இடையில் ஒரு கலியாணவீடு, ஒரு அன்னதானம் வந்தால் போச்சு. அதோடு மெலிந்த உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டு பசியைக் கூட்டும். எனக்கு ஆறில் நாலு கிலோ திரும்பி வந்துவிட்டது. வேலைக்கு எப்படியும் போகத்தானே வேண்டும், அதனால் சைக்கிளுக்கு மனவுறுதி என்று ஒன்று தேவைப்படவில்லை. கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு இருபத்தைந்து நிமிடம், போய்வர ஐம்பது, ஐந்து நாளைக்கு 250. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மேடு இல்லாத ஊர், சோழகம் அடிக்கும் மாதங்களில் காலையில் எதிர்க்காற்று மட்டும் கொஞ்சம் வாட்டும்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குத் தனியாக வேலை கொடுக்கவும் சொல்கிறார்கள். நான் கிணற்றில் தண்ணி அள்ளுவதோடு சரி. சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் என் கதையை நம்பி இறங்க வேண்டாம், எனக்கு அந்த அனுபவம் இல்லை, டொக்டரிடம் ஒருக்கால் கேளுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன என்று மனிசி கேட்கிறா. நியாயம்தான். கறுத்தக்கொழும்பான் மாம்பழச் சீசன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.