காதடியில் நீர்க்கட்டி: ஊசிச் சோதனையா, கோர் பயாப்ஸியா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து காதுக்குக் கீழே வீக்கத்தோடு மதுரைக்கு வருகிறவர்களில் பலர் அதைப் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் போட்டிருப்பார்கள். பொன்னுக்கு வீங்கி வலியும் காய்ச்சலுமாக வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். காதடியில் உள்ள பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் கட்டி வேறு விஷயம்.

ஸ்கேனில் 'உள்ளே நீர்' என்று வந்ததும் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது அவசர நிம்மதி. வார்த்தின் (Warthin) கட்டி என்ற, புற்றுநோய் அல்லாத சாதுவான கட்டியிலும் நீர் கோக்கும். மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்ற புற்றுநோயின் மெதுவாக வளரும் வகையிலும் கோக்கும். நோயைக் காட்டுவது நீரைச் சுற்றியுள்ள சுவர். எந்தச் சோதனை அந்தச் சுவரைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

எதைச் செய்தாலும் முதலில் அல்ட்ராசவுண்ட். கெட்டியான பகுதி எங்கே இருக்கிறது என்று அது காட்டினால்தான் ஊசி சரியான இடத்துக்குப் போகும். ஒரு பொறி உண்டு: ப்ளியோமார்பிக் அடினோமா என்ற சாதுவான கட்டி கெட்டியாக இருந்தும், ஸ்கேனில் கருமையாக, பின்னால் வெளிச்சத்தோடு, நீர்க்கட்டி போலவே தெரியும். கலர் டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்தால் அது வெறும் நீர் அல்ல.

எஃப்.என்.ஏ.சி. என்ற மெல்லிய ஊசிச் சோதனைக்கு 23 முதல் 25 கேஜ் ஊசி போதும் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லிசு). சில நிமிட வேலை, செலவும் குறைவு. நீர்க்கட்டியில் இது தோற்பது பெரும்பாலும் செய்கிற முறையால்தான். நீரை உறிஞ்சியதும் கட்டி அமுங்கிவிடும், வேலை முடிந்தது என்று ஊசியை எடுத்துவிடுவார்கள். நீரை எடுத்தபின் மறுபடி ஸ்கேன் வைத்து, மிச்சமிருக்கும் கெட்டிப் பகுதியில் தனியாகக் குத்த வேண்டும். எடுத்த நீரைக் கொட்டாமல் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் தங்குவதை ஸ்லைடில் தேய்க்க வேண்டும். சில ஸ்லைடுகளைக் காற்றில் உலர்த்தலாம். மற்றவற்றை தேய்த்த கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறிக்கு அடியில், ஆல்கஹாலுக்குப் போக வேண்டிய ஸ்லைடு நொடிகளில் காய்ந்து செல்களின் உருவம் கெட்டுவிடும்.

ரிப்போர்ட்டையும் கவனமாகப் படிக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி ஊசிச் சோதனை முடிவுகளை எண் போட்டு வகைப்படுத்தும் மிலான் முறையில் 'வெறும் நீர்' என்பது 1ஆம் வகை: போதிய மாதிரி கிடைக்கவில்லை என்றுதான் பொருள், நோய் இல்லை என்றல்ல. செல்கள் இல்லாமல் சளி மட்டும் வந்தால் 3ஆம் வகை; மியூகோஎபிடெர்மாய்டு சந்தேகத்தை விடக்கூடாது. பழைய என்ஜின் ஆயில் போன்ற பழுப்பு நீர், பீடி சிகரெட் பழக்கமுள்ள வயதானவர் என்றால் வார்த்தின் பக்கம் சாயலாம். ஆனால் அதன் செல்கள் சில சமயம் செதில் செல்களாக மாறிப் புற்றுநோய் போலத் தெரியும்.

கோர் பயாப்ஸியில் 18 அல்லது 20 கேஜ் ஊசி சதையை இழையாகவே வெட்டி எடுக்கும். திசுவின் அமைப்பு தெரியும். சிறப்புச் சாயச் சோதனைகளும் செய்யலாம். கெட்டிப் பகுதி நன்றாக இருந்தால் எங்கள் வாக்கு இதற்கே. சுவர் மெல்லிசாக, முழுக்க நீராக இருந்தால் வெட்ட ஒன்றும் இருக்காது. மரத்துப்போகும் ஊசி, ஸ்கேன் துணை இரண்டும் அவசியம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஊசிக்கு மாற்று அல்ல. கட்டி ஆழத்துக்குப் போயிருந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ கட்டாயம் எடுக்க வேண்டும். முடிந்தால் ஊசி குத்துமுன்.

சீழ்க்கட்டி என்று எண்ணிக் கீறுவதும், கத்தியால் திறந்து ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். முக நரம்பு பரோடிட் சுரப்பியின் ஊடே ஓடுகிறது. ப்ளியோமார்பிக் அடினோமா உடைந்து சிதறினால், பல ஆண்டு கழித்துப் பல முடிச்சுகளாகத் திரும்ப முளைக்கும். ஊசியில் முடிவு தெரியாவிட்டால், நரம்பைக் காத்துக் கட்டியைச் சுற்றுச் சதையோடு முழுதாக எடுப்பதே சோதனையும் சிகிச்சையும். இரண்டு பக்கமும் பல நீர்க்கட்டிகள் இருந்தால், கத்தி எடுக்குமுன் எச்.ஐ.வி. சோதனை; அந்தத் தொற்றிலும் இப்படிக் கட்டிகள் வரும்.

வேறு ஊரில் ஊசி குத்திவிட்டு மதுரைக்கு வருகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வர வேண்டும். அவற்றை மறுபடி பார்த்தே பதில் கிடைத்து, இன்னொரு குத்து மிச்சமாகலாம்.