திரவ இயற்கை வாயுக் கப்பல்களுக்கான திட்டமிடல்: விரிதாளா, நிறைவெண் மாதிரியா, தேடல் முறையா?

கட்டாரின் ராஸ் லஃபானில் திரவ இயற்கை வாயுவை ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கு வரும் பெரிய கப்பலுக்கு நமது பாக்கு நீரிணை குறுக்குவழியாகாது. சரக்குடன் 11 மீற்றருக்கு மேல் நீரில் அமிழும் அக்கப்பல், தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே இலங்கையைச் சுற்றியே வரவேண்டும். பாதையைக் கடலே முடிவுசெய்துவிடுவதால், எந்தக் கப்பல், எந்த நாள், எந்த வேகம் என்பவையே திட்டமிடுவோரின் கையில் எஞ்சுகின்றன. அவற்றை முடிவுசெய்ய மூன்று வழிகள் உண்டு: விரிதாள், ஒவ்வொரு தெரிவையும் ஆம்-இல்லை என்ற மாறியாகச் சமன்பாடுகளில் எழுதி மிகச் சிறந்த திட்டத்தைக் கணிக்கும் நிறைவெண் மாதிரி, கையிலுள்ள திட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றித் திருத்தும் தேடல் முறை.

எக்ஸெல் விரிதாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாலைந்து கப்பல்களும் மாறாத ஒப்பந்தங்களும் என்றால், அனுபவசாலி ஒருவர் அதிலேயே நல்ல திட்டம் போட்டுவிடுவார். ஆனால் அதைவிட மலிவான திட்டம் இருந்ததா என்ற கேள்விக்கு விரிதாளிடம் பதில் இராது.

அந்தப் பதிலைத் தருவதுதான் நிறைவெண் நிரலாக்கத்தின் பலம். குரோபி, சீப்ளெக்ஸ், ஹைஸ் போன்ற மென்பொருள்கள் ஒரு திட்டத்தைத் தருவதோடு, மாதிரிக்குள் எத்திட்டத்தாலும் செலவை இதற்குக் கீழே இறக்க முடியாது என்ற எல்லையையும் தருகின்றன. ஆண்டு விநியோகத் திட்டத்தை வாங்குபவருடன் பேசி முடிக்கையில் அந்த எல்லைக்கு மதிப்பு அதிகம். பதிலுக்கு மாதிரி பெருத்துவிடும்: 10 கப்பல்கள், 5 இறக்குதுறைகள், 365 நாட்கள் என்று எளிமையாக எழுதினாலே 18,250 ஆம்-இல்லை மாறிகள் வந்துவிடுகின்றன. வேகம் அதைவிடத் தொல்லை. இயந்திரத்துக்கு வேண்டிய வலு ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், அந்த வளைகோட்டைச் சிறு நேர்கோடுகளாக வெட்டித்தான் மாதிரிக்குள் கொடுக்க வேண்டும். -162 பாகை செல்சியஸில் இருக்கும் சரக்கோ வழியெல்லாம் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டிருக்கும். 174,000 கன மீற்றர் கப்பலில் நாளொன்றுக்கு 0.1 சதவீதம் என்று வைத்தாலும் 174 கன மீற்றர் போகிறது. அந்த ஆவிதான் இயந்திரத்துக்கு எரிபொருள் என்பதால், மெதுவாக ஓடினால் மிச்சம் என்ற கணக்கு ஓரளவுக்கு மேல் பலிக்காது. தேவைக்கு மிஞ்சிய ஆவியை மறுபடி திரவமாக்க வேண்டும், வசதியில்லையேல் வீணே எரிக்க வேண்டும்.

தேடல் முறைகளுக்கு இந்த வளைகோடுகள் தடையல்ல. செலவை உள்ளபடியே கணித்துக்கொள்ளலாம். கையிலுள்ள திட்டத்திலிருந்து சில பயணங்களை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நட்டுப் பார்ப்பதால், ஏனைய திகதிகள் கலையாமலும் இருக்கும். 2024 தொடக்கத்தில் கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியது போன்ற வேளைகளில், ஒரே நாளில் புதுத் திட்டம் தரக்கூடியவை இவையே. ஆனால் கிடைத்தது எவ்வளவு நல்லது என்று இவை சொல்லமாட்டா. கூகிளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருளிலுள்ள பாதைத் தொகுதி போன்ற ஆயத்தக் கருவிகள் லொறிகளுக்குப் பொருந்துமளவு இங்கு பொருந்துவதில்லை, ஏனெனில் கரையிலுள்ள தாங்கி நாளுக்கு நாள் நிரம்புவதைத் தனியே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கப்பல் பிந்தித் தாங்கி நிறைந்தால் திரவமாக்கும் ஆலையே உற்பத்தியைக் குறைக்க நேரும் என்பதால், இது விட்டுவிடக்கூடிய நுணுக்கமல்ல.

என் தெரிவு, ஆண்டுத் திட்டத்துக்கு நிறைவெண் மாதிரியும் நடுவழி மாற்றங்களுக்குத் தேடல் முறையும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ இதை இறுதியாண்டு ஆய்வாக எடுப்பவர் ஹைஸில் தொடங்கலாம். குரோபி கல்விக்கு இலவசமென்றாலும், அதே வேலையை நிறுவனத்துக்குக் கொண்டுபோகும்போது உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டிவரும். திறந்த மூல மென்பொருளான ஹைஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்று கப்பல்கள், 90 நாட்கள், தாங்கியின் மட்டம் ஆகியவற்றை முதலில் சரியாக ஓடவைத்த பின் வேகத்தைச் சேர்ப்பது நல்லது.